வேகவதியும் நம் கைங்கர்யமும்

ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த உடையவர், காஞ்சியில் எழுந்தருளியிருந்த நாளில் பேரருளாளனுக்குச் சாலைக் கிணற்றிலிருந்து நாள்தோறும் தீர்த்தம் சுமந்தார். நீரைப் பேணுதலும் கைங்கர்யமே என்பது இதனால் விளங்கும்.

அக்காஞ்சியின் புண்ணிய நதி வேகவதி. பிரமதேவனின் வேள்வியை அழிக்கக் கலைமகள் நதியாய்ப் பெருகி வர, எம்பெருமான் திருவெஃகாவில் அணையாகக் குறுக்கே சயனித்தான் என்பது புராணம். ஸ்வாமி தேசிகன் அவனை ‘வேகாஸேது’ எனத் துதித்தருளினார். இன்றோ தடுப்பதற்கு வெள்ளமில்லை, கழிவுநீரே தேங்குகின்றது.

எனினும் மீட்சி அரிதன்று. இராஜஸ்தானத்தில் வறண்டிருந்த அர்வரி நதிக்கரையினர், 1985க்குப் பின் ராஜேந்திர சிங் என்பாரின் துணையோடு மழைநீர் தேக்கும் சிற்றணைகள் பல கட்டினர். நதி மீண்டும் ஓடிற்று. சுமார் 70 சிற்றூரார் கூடி, நீரை முறையாகப் பயன்கொள்ள நதி மன்றமும் அமைத்தனர்.

குலம் பாராது அனைவரையும் அணைத்தவர் உடையவர். அவர் அவதாரத் தலம் முதல் ஒரகடம் வரை ஆலைகள் நிறைந்த இந்நாளில், உழவரும் தொழிலாளரும் ஆலை உடையோரும் ஒன்றுகூடி, ஏரிகளிலும் கால்வாய்களிலும் கழிவு கலவாமல் காத்தல் வேண்டும். சேவிக்க வந்த அன்பர்களும் தத்தம் ஊரில் இதனைத் தொடங்குவார்களாக. அதுவே உடையவர் திருவுள்ளம் உகக்கும் கைங்கர்யமாம்.

உடையவர் திருவடிகளே சரணம்.