பானகம் செய்வோம்

வெயில் காலம் வந்துவிட்டது. நாக்கு வறளுகிறது. பண்டிகைகளும் இந்த நாட்களில்தான் வருகின்றன. வீட்டுக்கு விருந்தினர் வருகிறார்கள். அவர்களுக்குக் குடிக்க என்ன கொடுப்போம்?

பாலில் செய்த பானம் கொடுக்கலாம். ஆனால் வெயிலில் பால் சீக்கிரம் திரிந்துவிடும். விலையும் அதிகம். சிலருக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. குடித்தால் வயிறு உப்பும். சிலருக்குப் பேதியும் ஆகும். பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்க வைக்கும் பொருள் அவர்கள் குடலில் போதுமான அளவு சுரப்பதில்லை. இது பலருக்கும் உள்ளதுதான்.

பால் இல்லாமலே ஒரு நல்ல பானம் உண்டு. அதுதான் பானகம். வெல்லம், எலுமிச்சை, சுக்கு, மிளகு, ஏலக்காய், தண்ணீர். இவ்வளவு போதும்.

பானகம் செய்வது எளிது. ஆனால் ஒரு பொருளில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அது எந்தப் பொருள்? மேலே படியுங்கள்.

பல ஊர், பல பானகம்

பானகம் என்றால் குடிக்கும் பொருள் என்று அர்த்தம். நம் நாட்டில் பல இடங்களில் இது உண்டு.

ஆந்திராவில் மங்களகிரி என்ற ஊர் இருக்கிறது. விஜயவாடாவுக்கும் குண்டூருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே மலைமேல் நரசிம்மர் கோயில் உள்ளது. அந்தச் சாமிக்கு வெல்லப் பானகம்தான் படையல். சாமியின் வாயிலேயே பானகத்தை ஊற்றுவார்கள். பாதியைச் சாமி குடித்துவிட்டு மீதியைப் பக்தருக்குத் தருகிறார் என்பது மக்களின் நம்பிக்கை.

மகாராஷ்டிராவில் மாங்காயை வேகவைப்பார்கள். அதன் சதையை எடுத்து வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துக் கரைப்பார்கள். அதன் பெயர் பன்ஹே. சித்திரை மாதத்தில் பெண்கள் ஒருவரை ஒருவர் வீட்டுக்கு அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுப்பார்கள். அப்போது பன்ஹேயும் கொடுப்பார்கள்.

ஒடிசாவில் ஏப்ரல் மாத நடுவில் புத்தாண்டு வருகிறது. அந்தப் பண்டிகைக்கே பணா சங்கராந்தி என்று பெயர். வில்வப் பழத்தின் சதையைக் கரைத்து, வெல்லம் அல்லது சர்க்கரை சேர்த்துப் பணா செய்வார்கள்.

கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ராமநவமி அன்று பானகம் உண்டு. பெங்களூரில் தெருத் தெருவாகப் பந்தல் போடுவார்கள். பானகமும் நீர்மோரும் கொடுப்பார்கள். ஊறவைத்த பாசிப்பருப்பில் செய்த கோசம்பரியும் கொடுப்பார்கள். எந்த சாதி, எந்த மதம் என்று கேட்பதில்லை. வெயிலில் வருகிற யாரும் வாங்கிக் குடிக்கலாம்.

ஐந்து பேருக்குப் பானகம்

தேவையான பொருட்கள்:

தண்ணீர் – 1 லிட்டர்
வெல்லம் – 150 கிராம்
எலுமிச்சம்பழம் – 1
சுக்குப் பொடி – அரை தேக்கரண்டி
மிளகுப் பொடி – கால் தேக்கரண்டி
ஏலக்காய் – 4
உப்பு – ஒரு சிட்டிகை
துளசி இலை – இருந்தால் நான்கைந்து

செய்முறை:

1. சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவுங்கள்.

2. தண்ணீரைக் காய்ச்சுங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். பிறகு இறக்கி மூடி வையுங்கள்.

3. அந்தத் தண்ணீரில் இரண்டு டம்ளர் தனியே எடுங்கள். வெல்லத்தைத் தட்டி அதில் போட்டுக் கரையுங்கள்.

4. சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். மண், தூசி, சக்கை எல்லாம் துணியில் தங்கிவிடும்.

5. வடிகட்டிய வெல்லத் தண்ணீரை மறுபடியும் ஒரு கொதி விடுங்கள். இறக்கி, மீதித் தண்ணீரோடு சேர்த்து மூடி ஆறவிடுங்கள்.

6. நன்றாக ஆறியபின் சுக்கு, மிளகு, தட்டிய ஏலக்காய், உப்பு சேர்த்துக் கலக்குங்கள். துளசியைக் கழுவிப் போடுங்கள்.

7. கடைசியில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். சூட்டில் பிழிந்தால் அதிலுள்ள சத்து குறைந்துவிடும்.

வெல்லம் வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். நல்ல வெல்லம் பழுப்பு நிறமாக இருக்கும். பளிச்சென்று வெளுப்பாக இருக்கும் வெல்லத்துக்கு ரசாயனம் போட்டிருக்கலாம். அழகைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எலுமிச்சை புளிப்பு. ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரத்தில் பானகத்தை வைக்காதீர்கள். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. மண்பானையும் நல்லது.

சிலர் வாசனைக்குக் கடுகளவு பச்சைக் கற்பூரம் சேர்ப்பார்கள். அது இல்லாமலே பானகம் நன்றாக இருக்கும். சாமிக்கு ஏற்றும் சூடத்தைப் போடவே கூடாது. அது விஷம்.

நூறு பேருக்குப் பானகம்

பெங்களூரில் ஒரு தெரு. தமிழ், கன்னடம், தெலுங்கு பேசுகிறவர்கள் சேர்ந்து வாழும் தெரு. மறுநாள் ராமநவமி. பந்தல் போட்டாகிவிட்டது. ஒரு இளைஞர் பெரியம்மாவைத் தேடி வருகிறார்.

"பெரியம்மா, நாளைக்கு நூறு பேருக்குப் பானகம் கொடுக்கணும். நீங்கதான் பக்குவம் சொல்லணும்."

"சொல்றேன் தம்பி. முதல்ல இதைச் சொல்லு. தண்ணி எங்கே பிடிச்சீங்க?"

"லாரித் தண்ணிதான். டிரம்முல பிடிச்சு வச்சிருக்கோம்."

"அதைக் காய்ச்சணும் தம்பி."

"இருபது லிட்டரையா? கேஸ் செலவாகுமே, பெரியம்மா! அதான் சுக்கு, மிளகு எல்லாம் போடுறோமே. கிருமி செத்துடாதா?"

"சாகாது தம்பி. சுக்கும் மிளகும் ருசிக்கு. தண்ணியைச் சுத்தம் பண்ற வேலை அதுக்குத் தெரியாது. எலுமிச்சம்பழத்தை நம்பியும் பச்சைத் தண்ணி கொடுக்கக் கூடாது."

"அப்ப ஐஸ் போட்டுடலாம். குளிர்ல செத்துடும்."

"குளிர்ல கிருமி தூங்கும். சாகாது. வயித்துக்குள்ள சூடு பட்டா எழுந்திரிச்சுக்கும். ஆமா, ஐஸ் எங்கே வாங்கப் போறே?"

"மீன் மார்க்கெட்டு பக்கத்துல. விலை குறைச்சல்."

"மீனுக்கு அடியில போடுற ஐஸை மனுஷனுக்குக் குடிக்கக் கொடுப்பியா?"

இளைஞர் தலையைச் சொறிகிறார். பக்கத்து வீட்டு அக்கா அங்கே பூ கட்டிக்கொண்டிருக்கிறார். அவரும் பேசுகிறார்.

"பெரியம்மா சொல்றது சரி தம்பி. எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல பச்சைத் தண்ணியில சர்பத் கலந்துட்டாங்க. மறுநாள் வீட்டுக்கு வீடு வாந்தி, பேதி. ஒரு குழந்தைக்கு கண்ணு உள்ளே போயிடுச்சு. நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்துது. புண்ணியத்துக்குக் கொடுக்கிறது பாவமா ஆயிடக் கூடாது."

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பெரியம்மா சொல்கிறார்.

"இது ஒண்ணும் மலை இல்லை தம்பி. என் வீட்டு அடுப்பு, அக்கா வீட்டு அடுப்பு, உன் வீட்டு அடுப்பு. ஆளுக்கு ஏழு லிட்டர் காய்ச்சுவோம். இன்னைக்கு ராத்திரியே காய்ச்சி மூடி வச்சா காலையில ஆறிடும். புதுப் பானையைக் கழுவிட்டு அதுல ஊத்தி வைப்போம். ஜில்லுன்னு இருக்கும். ஐஸ் எதுக்கு?"

"சரி பெரியம்மா. சாயங்காலம் தண்ணியைக் கொண்டு வந்து தர்றேன்."

"இன்னொண்ணு தம்பி. சாக்பீஸ் கொண்டு வா. பந்தல்ல பலகையில நானே எழுதுறேன், 'காய்ச்சிய தண்ணீரில் செய்த பானகம்'னு. இப்பதான் எனக்கு எழுதத் தெரியுமே. படிக்கிறவங்க பயமில்லாம குடிப்பாங்க. அவங்க வீட்டுலயும் காய்ச்சுவாங்க."

பெரியம்மா சொன்னதை அறிவோம்

அசுத்தமான தண்ணீரால் பல நோய்கள் வருகின்றன. வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை போன்றவை அவற்றில் சில. தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அதில் கிருமி இருக்கலாம். கிருமி கண்ணுக்குத் தெரியாது. நன்றாகக் கொதிக்க வைத்தால் இந்தக் கிருமிகள் சாகும்.

ஐஸ் என்பது உறைந்த தண்ணீர். அசுத்தமான தண்ணீர் உறைந்தால் அசுத்தமான ஐஸ். உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ஆம் ஆண்டு உத்தரவிட்டது. நீல ஐஸைப் பார்த்தால் உணவில் சேர்க்காதீர்கள். அதற்காக வெள்ளை ஐஸ் எல்லாம் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேளுங்கள்.

காய்ச்சிய தண்ணீரையும் நாம் மறுபடி கெடுத்துவிடலாம். எப்படி? பானைக்குள் கையையும் டம்ளரையும் விட்டால் கெடும். எனவே நீளப் பிடி போட்ட கரண்டியால் மொண்டு ஊற்றுங்கள். ஒருவர் குடித்த டம்ளரை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். சோப்புப் போட்டு, ஊற்றும் தண்ணீரில் கழுவுங்கள். ஒருமுறை குடித்துவிட்டு வீசும் பிளாஸ்டிக் குவளைகளுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. எவர்சில்வர் டம்ளரே நல்லது.

எலுமிச்சை பிழிந்த பானகத்தை மூன்று, நான்கு மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். வெயிலில் வைத்தால் புளித்துவிடும். நுரை வந்தால், வாசனை மாறினால் கொட்டிவிடுங்கள்.

யாருக்குக் கவனம் தேவை?

சர்க்கரை நோய் உள்ளவர்கள்: வெல்லமும் சர்க்கரைதான். அதுவும் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும். ஒரு டம்ளர் பானகத்தில் 30 கிராம் வெல்லம் இருக்கிறது. இவர்களுக்கு வெல்லம் சேர்க்காமல் எலுமிச்சை, சுக்கு, உப்புப் போட்டுக் கொடுங்கள்.

கைக்குழந்தைகள்: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். பிரசாதம் என்று சொல்லியும் ஊட்டக் கூடாது.

பேதியாகிறவர்கள்: பானகம் பேதிக்கு மருந்து அல்ல. அதில் இனிப்பு அதிகம். பேதியை அது கூட்டிவிடலாம். இவர்களுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். அது கிடைக்கும் வரை காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரை தேக்கரண்டி உப்புக் கரைத்துக் கொடுங்கள். குழந்தை சோர்ந்து போனால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

கணக்குப் போடுவோம்

ஒரு டம்ளர் என்பது 200 மில்லி. 5 டம்ளர் 1 லிட்டர்.
100 பேருக்கு 100 டம்ளர்.
100 ÷ 5 = 20 லிட்டர் தண்ணீர்.
20 × 150 கிராம் = 3000 கிராம், அதாவது 3 கிலோ வெல்லம்.
எலுமிச்சம்பழம் 20.
சுக்குப் பொடி 10 தேக்கரண்டி. மிளகுப் பொடி 5 தேக்கரண்டி.
மூன்று வீட்டில் ஏழு ஏழு லிட்டர் காய்ச்சினால் 21 லிட்டர். கொதிக்கும்போது கொஞ்சம் வற்றும். அதற்குத்தான் அந்த ஒரு லிட்டர்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.

1. பானகத்தில் மிகுந்த கவனம் தேவைப்படும் பொருள் எது? ஏன்?
2. சுக்கும் மிளகும் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா?
3. பெரியம்மா பலகையில் என்ன எழுதினால் நல்லது என்று நினைத்தார்?

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

1. ஐஸ் என்பது உறைந்த ________.
2. ஒடிசாவில் வரும் பண்டிகையின் பெயர் ________ சங்கராந்தி.
3. ஆறு மாதம் வரை குழந்தைக்கு ________ மட்டும் போதும்.

இ. கணக்கு.

உங்கள் தெருவில் 40 பேருக்குப் பானகம் கொடுக்க வேண்டும். எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும்? எவ்வளவு வெல்லம்? உங்கள் ஊர்க் கடையில் வெல்லம், எலுமிச்சம்பழம் விலை கேளுங்கள். மொத்தச் செலவு எவ்வளவு?

ஈ. கூடிப் பேசுங்கள்.

உங்கள் ஊர்த் திருவிழாவில் குடிக்க என்ன கொடுக்கிறார்கள்? அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதைக் காய்ச்சுகிறார்களா? இல்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? என்ன சொல்வீர்கள்? நான்கு வரி எழுதி வாருங்கள்.