டென்னிஸ் காலணி: எடை எங்கே இருக்க வேண்டும்?

போட்டிகளில் ஆடத் தொடங்கும் மாணவர் கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேட்பார்: "எடை குறைவாக இருக்குமா? நெடுநாள் உழைக்குமா?" இவ்விரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. தேய்மானத்தைத் தாங்க ரப்பர் தடிமனாக இருக்க வேண்டும். தடித்தால் எடை கூடிவிடும். இந்தச் சிக்கலை அவிழ்க்க, நீங்கள் வகுப்பில் படித்த இயக்கவியலே போதும்.

எடையின் கணக்கு

நீங்கள் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்வோம். உங்கள் உடல் ஏறத்தாழ ஒரே வேகத்தில் செல்கிறது. பாதம் அப்படியன்று. தரையில் ஊன்றியிருக்கும்போது அதன் வேகம் சுழி. பின்தங்கிய பாதம் உடலைத் தாண்டி முன்னே வர வேண்டுமல்லவா? அதனால் காற்றில் வீசும்போது அதன் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 10 மீட்டரை எட்டுகிறது. காலணியில் 100 கிராம் கூடுதலாக இருந்தால், அதற்குரிய இயக்க ஆற்றல் ½ × 0.1 × 10 × 10 = 5 ஜூல். இதை ஒவ்வோர் எட்டிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். அதே 100 கிராமை இடுப்பில் கட்டிக்கொண்டால் 1.25 ஜூல்தான், அதுவும் ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒருமுறை கொடுத்தால் பெரும்பாலும் போதும். ஒவ்வொரு காலணியிலும் 100 கிராம் கூடினால், ஓடுவதற்கான ஆற்றல் செலவு ஏறத்தாழ 1 சதவீதம் கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மூன்றாவது செட்டில் இதன் விளைவு தெரியும்.

பிடிப்பும் தேய்வும்

60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடி, 0.4 வினாடியில் நிற்கிறார். எதிர்முடுக்கம் 7.5; தேவைப்படும் விசை 450 நியூட்டன். அவருடைய எடை ஏறத்தாழ 600 நியூட்டன். எனவே உராய்வுக் குணகம் 0.75 ஆவது இருந்தாக வேண்டும், இல்லையேல் சறுக்குவார்.

மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விரைவில் தேயும். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டார். நுண்ணிய புகைக்கரியைச் சேர்த்தால் ரப்பர் தேய்வை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் ரப்பர் கனமானது. ஆகவே அடிப்பாகத்திற்கும் முனைக்கும் மட்டும் ரப்பரை வைத்து, நடு அடுக்கைக் காற்றுக் குமிழிகள் நிறைந்த நுரைப்பொருளாலும், மேற்பகுதியை வலைத்துணியாலும் அமைக்கிறார்கள். உராயும் இடத்தில் எடை, உராயாத இடத்தில் இலேசு! சிக்கலுக்கு விடை இதுதான்.

ஓட்டக் காலணி இதைவிட இலேசாயிற்றே என்று நினைக்காதீர்கள். அதன் மெத்தென்ற அடிப்பாகம் நேராக ஓடுவதற்கே ஏற்றது. பாதம் தரையிலிருந்து 1 சென்டிமீட்டர் கூடுதலாக உயர்ந்தால், மேற்சொன்ன 450 நியூட்டன் விசையின் திருப்புத்திறன் 4.5 நியூட்டன் மீட்டர் கூடுகிறது. அது கணுக்காலை மடக்கிச் சுளுக்கச் செய்யும்.

எந்தத் தரை?

அமெரிக்க ஓப்பன் 1978 முதலும், ஆஸ்திரேலிய ஓப்பன் 1988 முதலும் கடினத் தளத்தில் நடக்கின்றன. சிமெண்டு போன்ற இத்தகைய தளங்கள் ரப்பரை அரம்போல் தேய்க்கும். தடித்த, உறுதியான அடி வேண்டும். பிரெஞ்சு ஓப்பன் ஆடுகளத்தின் மேற்பரப்பில் செங்கல் தூள் பரவியிருக்கும். தூளைப் பற்றவும் எளிதில் உதிர்க்கவும் மீன்முள் போன்ற வரிப்பள்ளங்கள் உதவும். விம்பிள்டன் புல்தரைக்குச் சிறு குமிழ்கள் கொண்ட அடி. நீங்கள் ஆடும் தரைக்கு உரியதையே வாங்குங்கள்.

கடையில் சோதிக்க

முதலில் வீட்டில் உள்ள பழைய காலணியைத் திருப்பிப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறதோ, அங்கே புதியதில் ரப்பர் தடிமனாக இருக்க வேண்டும். சர்வீஸ் போடும்போது பின்காலை இழுப்பவருக்கு முனை முதலில் தேயும்.

புதிய காலணியை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் வேண்டாம். துணி பிழிவதுபோல் முறுக்கினால் எளிதில் முறுகக் கூடாது. குதிகால் பகுதியை அழுத்தினால் அமுங்கக் கூடாது. ஆடும்போது அணியும் காலுறையுடன், பாதம் சற்றே பருத்திருக்கும் மாலையில் போட்டுப் பாருங்கள். இவற்றில் தேறிய காலணிகளுள் எடை குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். எடைக்கு முதலிடம் கொடுத்தால் கணுக்காலும் பணமும் வீணாகலாம்.

செய்து பாருங்கள்

ஒரு பலகையின் மேல் காலணியை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். காலணி சறுக்கத் தொடங்கும் நிலையில், உயர்த்திய முனையின் உயரத்தை, அதன் நேர் கீழிருந்து மறுமுனை வரை தரையில் உள்ள தொலைவால் வகுத்தால் உராய்வுக் குணகம் கிடைக்கும். பிறகு பலகையில் நுண்மணலைத் தூவி மீண்டும் அளவிடுங்கள். குணகம் எவ்வளவு குறைகிறது? தேய்ந்த காலணியையும் புதியதையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை தயாரியுங்கள். பழையதை எப்போது கைவிடலாம் என்பது உங்களுக்கே விளங்கும்.