இல்லை என்பது வேறு, தெரியாது என்பது வேறு

பிள்ளைகள், கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் நடத்துகிற சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் மெயில் சேர்வர் இனி உங்கள் கையில். நான் பட்டதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1. மெயில் முகவரியில் அட் குறிக்கு வலப்பக்கம் இருக்கிறதுதான் டொமைன். அந்தப் பெயருக்குக் கடிதம் வாங்குகிற சேர்வர் எது என்று, அனுப்புகிற சேர்வர் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் எம்எக்ஸ் பதிவைத் தேடும். எம்எக்ஸ் இல்லாவிட்டாலும் அந்தப் பெயருக்கு ஐபி இருந்தால் அங்கேயே போய்த் தட்டிப் பார்க்கும். ஆகையால் எம்எக்ஸ் காணவில்லை என்றவுடன் டொமைன் பிழை என்று முடிவுகட்டாதேங்கோ.

2. இதுதான் முக்கியம். எங்களுக்கு வருகிற கடிதத்திலும் அனுப்பியவரின் டொமைனை இப்படியே தேடிப் பார்ப்போம். "இப்படி ஒரு பெயரே இல்லை" என்று டிஎன்எஸ் சொன்னால் அது என்எக்ஸ்டொமைன், கடிதத்தைத் திருப்பலாம். பதிலே வராமல் போனாலோ, சேர்வ்ஃபெயில் என்று வந்தாலோ, அது "இப்ப தெரியாது". அப்போது 4இல் தொடங்கும் எண்ணைச் சொல்லிப் பொறுக்கவேணும். நாங்கள் அனுப்புகிற கடிதமென்றால் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலவேணும். 4, 5 நாளாவது முயலச் சொல்கிறது 2008இல் வந்த எஸ்எம்டிபி விதி. ஒரு வின்ரர் இரவு, டிஎன்எஸ்ஸைக் கேட்டுச் சொல்கிற எங்கள் ரெசால்வர் விழுந்துவிட்டது. நான் எழுதிய ஸ்கிரிப்டோ மௌனத்தையும் "இல்லை" என்றே எடுத்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் வகுப்பில் சேர விண்ணப்பித்த பெற்றோரின் கடிதங்கள் எல்லாம் 550, அதாவது ஒரேயடியான மறுப்பு, என்று திரும்பிப் போயிருந்தன. மெயில் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸைப் பாருங்கோ: அனுப்பியவரின் டொமைன் இல்லவே இல்லையென்றாலும், நாங்கள் மாற்றாதவரை அது 450தான் சொல்லும். தன் பக்கமும் பிழை இருக்கலாம் என்கிற அடக்கம்.

3. எங்கள் டொமைனில் வருகிற "கோட்" என்பதைப் பிரெஞ்சில் எழுதும்போது ஓ எழுத்துக்கு மேலே ஒரு தொப்பி வரும். 2013 முதல் .சிஏ பெயர்களிலும் அது வரலாம். தொப்பி போட்டதும் போடாததும் டிஎன்எஸ்ஸுக்கு இரண்டு பெயர். ஒன்று எங்களிடம் இருந்தால் மற்றதை வேறு ஆள் வாங்க முடியாது. ஆனால் நாங்களும் பதியாவிட்டால் அது இல்லாத டொமைன். இங்கே பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் சுத்தமாய்த் தொப்பி போட்டே எழுதுவார்கள். இரண்டையும் பதிந்து வையுங்கோ.

4. தமிழிலும் டொமைன் முடிவுகள் உண்டு: .இலங்கை 2010இல் வந்தது, .இந்தியா 2011இல். டிஎன்எஸ்ஸுக்குள் இவை எக்ஸ்என் என்று தொடங்கும் ரோமன் எழுத்துச் சரமாகவே போகும். அட் குறிக்கு முன்னாலும் தமிழ் இருந்தால் வழி நெடுக எஸ்எம்டிபியூடிஎஃப்8 என்ற விதி தெரிந்த சேர்வர் வேணும். அந்த விதி வந்தது 2012இல். ஜிமெயில் 2014இல் ஏற்றுக்கொண்டது. இன்னும் "செல்லாத முகவரி" என்று தள்ளுகிற சேர்வர்கள் உண்டு. முகவரியில் பிழையில்லை, அவற்றுக்குத்தான் படிக்கத் தெரியாது.

5. சோதனைக்கு வாயில் வந்த டொமைனை அடிக்காதேங்கோ, அதற்கு ஒரு சொந்தக்காரர் இருக்கலாம். .இன்வாலிட் என்ற முடிவு 1999 முதலே இல்லாத பெயர்களுக்கென்று ஒதுக்கப்பட்டது.

6. மறுப்பதை வாசலிலேயே மறுங்கோ. உள்ளே வாங்கிவிட்டுப் பிறகு திருப்பினால், யாரோ களவாய்ப் பயன்படுத்திய முகவரிக்குப் போய்ச் சேரும்.

7. போஸ்ட்மாஸ்டர் பெட்டி கட்டாயம் இருக்கவேணும், அதுவும் விதி. இன்றைக்கு அதில் 3 கடிதம் கிடக்கிறது. பின்னேரம் திறந்து பாருங்கோ.