வாசி தீர்ந்த காசு

நெய்வேலி நகரியத்தில் மேனிலைக் கல்வி முடித்த இளையோர் சிலர், கல்லூரி திறக்கும் வரை கடைகளில் பகுதிநேரப் பணி புரிவதுண்டு. ‘எவ்வளவு உழைத்தாலும் முதலாளி மற்றவரையே பாராட்டுகிறார்’ என்னும் ஏக்கம் அவர்களுள் ஒருவருக்கு எழுமாயின், பெற்றோர் அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளுதல் தகாது. பதினாறு அகவைக்குள் சிவப்பேறு எய்திய திருஞானசம்பந்தருக்கும் இத்தகைய நிலை நேர்ந்ததைப் பெரியபுராணம் கூறுகின்றது.

திருவீழிமிழலையில் பஞ்சம் நேர்ந்த காலத்து, அடியார்க்கு அமுதளிக்கும்பொருட்டுச் சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். அப்பர் திருமடத்தில் உரிய காலத்தில் அமுது ஆயிற்று. சம்பந்தர் திருமடத்தில் காலம் தாழ்ந்தது. பிள்ளையார் காரணம் வினவினார். அவர் பெற்ற காசுக்கு வணிகர் வாசி, அதாவது மாற்றுக் குறைவுக்கான கழிவு, கேட்கின்றனர் என்றும், அப்பர் காசுக்கு அது இல்லை என்றும் பணியாளர் விடையிறுத்தனர்.

சம்பந்தர் வெகுண்டாரில்லை, அப்பரிடம் அழுக்காறு கொண்டாரில்லை. உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு புரிபவர் அப்பர். அதனால் அவர் காசு வாசியற்றது என்று உணர்ந்தார். பின்னர்த் தமது குறையை இறைவனிடமே பதிகம் பாடி விண்ணப்பித்தார். வாசி தீர்ந்த நற்காசும் பெற்றார்.

இவ்வரலாறு காட்டும் நெறி மூன்று. காரணத்தைக் கேட்டறிதல் முதலாவது. பாராட்டுப் பெறுபவரின் உழைப்பை நடுநிலையோடு நோக்குதல் இரண்டாவது. தரவல்லாரிடமே பணிவுடன் கேட்டல் மூன்றாவது. கடையில் கூட்டம் குறைந்த வேளையில், “ஐயா, ஒரு மாதமாகச் சரக்கு அடுக்கி வருகிறேன். என் வேலையில் குறை இருந்தால் சொல்லுங்கள்; கணக்கு எழுதவும் கற்றுக்கொள்ள விரும்புகிறேன்” என்று கூறப் பெற்றோர் பிள்ளையைப் பழக்கலாம். ஆயினும், பேசிய கூலி மறுக்கப்படின் பிள்ளையைப் பொறுத்திருக்கச் சொல்லாது பெரியோரே சென்று பேசுதல் கடன்.

நெய்வேலிச் சுரங்கத்தைக் காண்போர் கண்ணுக்குப் பேரியந்திரங்களே முதலில் புலப்படும். பழுப்பு நிலக்கரிப் படுகையின் கீழ் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை இடையறாது இறைக்கும் பணியோ எளிதில் புலப்படாது. அப்பணி நின்றால் சுரங்கத் தளமே நிலைகுலையும். புலப்படாத உழைப்பும் உழைப்பே என்பதை இளையோர் உணர்க. அதனைக் கண்டு ஒரு நற்சொல் கூறுதலைப் பெரியோர் மறவாதிருப்பாராக!

திருச்சிற்றம்பலம்.