ஆட்டுப் புழுக்கை சொன்ன வரலாறு



தலைப்பைப் பார்த்துச் சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், எனக்குப் பழக்கம்தான். எங்கள் வீட்டில் ஆடு வளர்க்கிறோம். காலையில் பட்டியைத் திறந்துவிட்டு, புழுக்கையைக் கூட்டி அள்ளிப் போட்டுவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் வருவேன். எவ்வளவு சோப்புப் போட்டுக் குளித்தாலும் வாடை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். ஆறாம் வகுப்பில் ஒருத்தன் வைத்த "புழுக்கை" என்ற பட்டப்பெயர் பதினொன்றாம் வகுப்பு வரை கூடவே வந்துவிட்டது.

இந்த மாத சுவர் இதழுக்கு "தீவுகள்" என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் நூலகத்தில் ஒரு பழைய பொது அறிவுப் புத்தகத்தைப் பார்த்து, ஃபாரோ தீவுகளைப் பற்றி எழுதி, வரலாறு அய்யாவிடம் காட்டினேன். "இத்தீவுகளில் முதன்முதலில் குடியேறியவர்கள் வைக்கிங்குகள்" என்ற வரியின் கீழ் அய்யா சிவப்பு மையில் கோடு போட்டார். "யாருடா பார்த்தா? போய்ப் புதுசாத் தேடிட்டு வா" என்றார். தேடினேன். கிடைத்ததைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. அந்தத் தீவு எங்கே இருக்கிறது?

உலக வரைபடத்தில் இங்கிலாந்துக்கு மேலே ஸ்காட்லாந்து இருக்கிறதல்லவா? அதற்கும் வடக்கே சுமார் 320 கிலோ மீட்டர் தள்ளி, வட அட்லாண்டிக் கடலின் நடுவே 18 சின்னத் தீவுகள் இருக்கின்றன. அவைதான் ஃபாரோ தீவுகள். மொத்தப் பரப்பு சுமார் 1,400 சதுர கிலோ மீட்டர். டென்மார்க் அரசின் கீழ் தன்னாட்சி பெற்ற பகுதி. எப்போதும் காற்று, எப்போதும் மழை. மரம் என்று பார்த்தால் மனிதர்கள் நட்டு வளர்த்ததுதான். மற்றபடி எங்கே பார்த்தாலும் புல். அங்கே மனிதர்களைவிட ஆடுகள் அதிகம்! "ஃபாரோ" என்ற பெயருக்கே செம்மறியாட்டுத் தீவு என்றுதான் பொருள் சொல்கிறார்கள்.

இதில் ஒரு முக்கியமான விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தீவுகளில் இயற்கையாக நிலப் பாலூட்டி ஒன்றுகூட இருந்ததில்லை. எலிகூட மனிதர்களோடு வந்ததுதான்.

2. எழுதிவைத்தவர்கள் சொன்னது

வைக்கிங்குகள் நார்வே முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் புறப்பட்ட கடலோடிகள். ஃபாரோ மக்களின் பழங்கதையைச் சொல்லும் "சாகா" 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. முதலில் குடியேறியவர் பெயர் கிரிமுர் கம்பான் என்று அது சொல்கிறது. காலம் கி.பி. 9-ஆம் நூற்றாண்டு. பாடநூல்களும் அதையே எழுதிவந்தன.

ஆனால் அதற்கும் முன்பே ஒருவர் ஒரு குறிப்பு விட்டுப் போயிருக்கிறார். டிக்குயில் என்ற அயர்லாந்துத் துறவி கி.பி. 825-ல் எழுதிய புவியியல் நூலில், பிரிட்டனுக்கு வடக்கே இரண்டு பகல் இரண்டு இரவு கப்பலில் போனால் சில தீவுகள் வரும் என்கிறார். அங்கே அயர்லாந்திலிருந்து போன துறவிகள் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் வாழ்ந்தார்களாம். கடற்கொள்ளையர் வந்ததால் அவர்கள் போய்விட்டார்கள், இப்போது ஆடுகளும் கடற்பறவைகளும்தான் நிறைய இருக்கின்றன என்று எழுதியிருக்கிறார். ஆனால் தீவின் பெயரை எழுதவில்லை. அதனால் "அது ஃபாரோதான்" என்று ஒரு கூட்டமும், "அதெப்படிச் சொல்ல முடியும்?" என்று இன்னொரு கூட்டமும் பல காலம் வாதம் செய்துகொண்டிருந்தன.

3. மண்ணும் ஒரு புத்தகம்தான்

தொல்லியல் என்றால் பானை ஓடு, நாணயம், கல்வெட்டு என்றுதான் நாம் நினைக்கிறோம். சுற்றுச்சூழல் தொல்லியல் என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. மகரந்தத் தூள், கருகிய தானியம், பூச்சியின் இறக்கை, எரிமலைச் சாம்பல், சாணம் ஆகியவற்றை ஆராய்ந்து, பழைய காலத்தில் மனிதர்கள் எப்போது வந்தார்கள், என்ன பயிரிட்டார்கள், நிலம் எப்படி மாறியது என்று கண்டுபிடிப்பதே அதன் வேலை. கல்வெட்டு என்பது ஒருவர் நினைத்து எழுதிவைத்தது. அடுப்புச் சாம்பலை யாரும் வரலாற்றுக்கென்று கொட்டுவதில்லை. அதனால் அதற்குப் பெருமையும் தெரியாது, பொய்யும் தெரியாது.

சரி, ஃபாரோ விஷயத்தில் மண் என்ன சொன்னது? மூன்று சாட்சிகளையும் வரிசையாகக் கூப்பிடுவோம்.

4. முதல் சாட்சி: மகரந்தம்

ஒவ்வொரு செடியின் மகரந்தமும் நுண்ணோக்கியில் ஒவ்வொரு வடிவமாகத் தெரியும். அதன் வெளி ஓடு மிகவும் கெட்டி. சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் கிடக்கும். ஜோஹன்னஸ் ஜோஹன்சன் என்ற ஃபாரோ தாவரவியலாளர் 1970-களில் தீவின் சதுப்பு மண்ணில் தானியப் பயிரின் மகரந்தத்தைக் கண்டார். வைக்கிங்குகளுக்கு முன்பே அங்கே பயிர் விளைந்தது என்றார்.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. சில காட்டுப் புற்களின் மகரந்தமும் தானிய மகரந்தம் மாதிரியே இருக்கும் என்று மறுத்தார்கள். நியாயமான கேள்விதான். ஒற்றைச் சாட்சி போதவில்லை.

5. இரண்டாம் சாட்சி: கருகிய வாற்கோதுமை

சாண்டோய் என்ற தீவில் வைக்கிங் வீடு ஒன்றின் அடித்தளத்தைத் தோண்டினார்கள். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக் சர்ச், ஃபாரோ தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சிமுன் ஆர்கே ஆகியோரின் குழு 2013-ல் முடிவை வெளியிட்டது. வீட்டுக்குக் கீழே, அதற்கும் முந்தைய அடுக்கில், சாம்பல் பரவிக் கிடந்தது. அது பீட் சாம்பல். பீட் என்றால் மட்கிய செடிகளாலான சதுப்பு மண். வெட்டிக் காயவைத்தால் விறகு மாதிரி எரியும். அடுப்பிலிருந்து அள்ளிய அந்தச் சாம்பலை, மணல் காற்றில் பறக்காமல் இருக்க நிலத்தில் பரப்பியிருக்கிறார்கள். அதற்குள்ளே கருகிய வாற்கோதுமை மணிகள் இருந்தன.

வாற்கோதுமை அங்கே தானாக முளைக்கிற பயிர் அல்ல. மனிதர் கொண்டுவந்தால்தான் உண்டு. கார்பன்-14 முறையில் அந்த மணிகளின் வயதைக் கணக்கிட்டார்கள். (உயிர் போன பிறகு அந்தப் பொருளில் உள்ள கார்பன்-14 சிறிது சிறிதாகக் குறையும். பாதியாகக் குறைய சுமார் 5,730 ஆண்டுகள் ஆகும். மீதி எவ்வளவு என்று பார்த்து வயதைச் சொல்வார்கள்.) ஒரு தொகுதி கி.பி. 4 முதல் 6-ஆம் நூற்றாண்டுக்குள் வந்தது. இன்னொரு தொகுதி 6-ஆம் நூற்றாண்டின் கடைசி முதல் 8-ஆம் நூற்றாண்டுக்குள் வந்தது. இரண்டுமே வைக்கிங்குகளுக்கு முந்தியவை!

ஏன் விறகுக் கரியை நம்பாமல் தானியத்தை நம்பினார்கள் என்று அய்யா என்னிடம் கேட்டார். யோசித்தால் விடை எளிது. மரம் குறைந்த தீவில் கடலில் மிதந்துவரும் கட்டையையும் எரிப்பார்கள். அந்தக் கட்டை ஏற்கெனவே நூறு, இருநூறு வயதானதாக இருக்கலாம். தானியமோ ஒரே ஒரு பருவத்தில் விளைந்தது. வயதில் ஏமாற்றாது.

6. மூன்றாம் சாட்சி: நம்ம ஆள்!

எய்ஸ்டுரோய் என்ற தீவில் எய்டிஸ்வத்ன் என்று ஓர் ஏரி இருக்கிறது. மழை பெய்யும்போது சரிவிலுள்ள மண், இலை, சாணம் எல்லாம் கரைந்து ஏரிக்குள் வந்து படியும். அடியில் இருப்பது பழசு, மேலே இருப்பது புதுசு. லோரலை கர்ட்டின், வில்லியம் டி ஆண்ட்ரியா ஆகியோரின் குழு குழாயை இறக்கி, கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளத்துக்கு அந்தச் சேற்றை அடுக்குக் கலையாமல் எடுத்தது. 2021-ல் முடிவு வெளியானது.

சேற்றில் இரண்டு பொருள்களைத் தேடினார்கள். ஒன்று, ஆட்டின் டி.என்.ஏ. இரண்டு, பாலூட்டிகளின் குடலில் உண்டாகி மலத்தோடு வெளியேறும் சில கொழுப்புப் பொருள்கள். இவை விலங்குக்கு விலங்கு வேறுபடும். குளிர்ந்த, இருட்டான, ஆக்சிஜன் குறைந்த சேற்றில் இரண்டுமே நீண்ட காலம் கெடாமல் இருக்கும்.

கீழ் அடுக்குகளில் ஒன்றுமில்லை. திடீரென்று ஓர் அடுக்கில் இரண்டுமே சேர்ந்தாற்போல வருகின்றன. அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. அந்த அடுக்கின் காலம் கி.பி. 500-ஐ ஒட்டியது. இதே சேற்றில் ஐஸ்லாந்து எரிமலை ஒன்று கி.பி. 877-ல் கக்கிய சாம்பலும் ஒரு கோடாகப் படிந்திருக்கிறது. அது மைல்கல் மாதிரி காலத்தைச் சரிபார்க்க உதவியது. புழுக்கை தொடங்கும் இடம் அந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே இருக்கிறது.

இப்போது முன்னே சொன்னதை நினைவுபடுத்திப் பாருங்கள். அங்கே நிலப் பாலூட்டியே கிடையாது. ஆடு 300 கிலோ மீட்டர் கடலை நீந்தி வருமா? வராது. ஆடு வந்தால் படகு வந்தது. படகு வந்தால் மனிதன் வந்தான். வைக்கிங்குகளுக்குச் சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டான்!

"யாராவது ஆட்டை மட்டும் விட்டுட்டுப் போயிருந்தா?" என்று என் பக்கத்து பெஞ்ச் நண்பன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சாண்டோய் அடுப்பில் இருக்கிறது. ஆடு வாற்கோதுமை விதைக்காது, அடுப்பும் மூட்டாது. இப்படி ஒரு சாட்சி விட்ட இடத்தை இன்னொரு சாட்சி நிரப்புகிறது.

7. யார் அவர்கள்?

பெயர் தெரியாது. அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பக்கத்துக் கெல்டிக் மக்களாக இருக்கலாம் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டிக்குயிலின் குறிப்பும் அதற்குப் பொருந்துகிறது. சில ஊர்ப் பெயர்களும் கெல்டிக் மூலம் கொண்டவை. இன்றைய ஃபாரோ மக்களின் மரபணுவில் தந்தை வழி பெரும்பாலும் ஸ்காண்டிநேவியா. தாய் வழி பெரும்பாலும் பிரிட்டிஷ் தீவுகள். ஆனால் வைக்கிங்குகள் பின்னாளில் அந்தப் பெண்களை அழைத்து வந்திருக்கவும் கூடும். ஆகவே இதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது.

அந்தக் காலத்தில் அவ்வளவு தூரம் போக முடியுமா? 1976-77-ல் டிம் செவரின் என்பவர் பழைய முறைப்படி மாட்டுத்தோல் போர்த்திய படகு ஒன்றைக் கட்டி, அயர்லாந்திலிருந்து ஃபாரோ வழியாக வட அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தார். "போனார்கள்" என்பதற்கு இது சாட்சி அல்ல. "போக முடியும்" என்பதற்குச் சாட்சி.

8. வந்த பிறகு என்ன ஆயிற்று?

இதுதான் எனக்குக் கொஞ்சம் வலித்த இடம். அதே ஏரிச் சேற்றில் செடிகளின் டி.என்.ஏ.வையும் பார்த்திருக்கிறார்கள். ஆடு வந்த காலத்தோடு வில்லோ, பிர்ச், ஜூனிபர் போன்ற மரவகைச் செடிகளின் தடயம் மறைந்து, மேய்ச்சலைத் தாங்கும் புல்வகைகள் பெருகின. இன்று படத்தில் பார்த்து நாம் "ஆகா, என்ன இயற்கை!" என்று சொல்லும் அந்தப் பச்சைப் புல்வெளி முழுக்க இயற்கை அல்ல. ஆட்டின் வாயும் சேர்ந்து செய்தது.

அண்டைத் தீவான ஐஸ்லாந்தில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. 9-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மக்கள் பெருவாரியாகக் குடியேறியபோது நாட்டின் நிலப்பரப்பில் 25 முதல் 40 சதவீதம் வரை காடும் புதரும் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அது 1 சதவீதம் அளவுக்கு இறங்கிவிட்டது. வெட்டியது, எரித்தது, மேய்த்தது, குளிர், எரிமலை என்று காரணங்கள் பல. மரம் போனதும் மண் காற்றோடு போனது. 1907-லேயே சட்டம் போட்டு மண்ணையும் காட்டையும் காக்கத் தொடங்கினார்கள். நூறு ஆண்டுக்கு மேல் பாடுபட்டும் இன்று சுமார் 2 சதவீதம்தான் காடு.

ஆட்டைக் குறை சொல்கிறேனா? இல்லை. ஆடு இல்லையென்றால் அந்தக் குளிரில் பாலும் கறியும் கம்பளியும் ஏது? ஆடுதான் அவர்களை வாழவைத்தது. ஆனால் மேய்ச்சலைத் தாங்கிப் பழகாத மண் அது. எவ்வளவு தாங்கும் என்று வந்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தபோது மண் போய்விட்டது.

9. முடிவுரை

இதையெல்லாம் வீட்டில் சொன்னேன். அப்பா முழுசாகக் கேட்டார். பிறகு, "புழுக்கையைப் பார்த்தா ஆடு என்ன தின்னுச்சு, உடம்புக்கு என்னன்னு நானே சொல்லுவேனே. அவங்க ஆயிரத்தைந்நூறு வருஷம் கழிச்சுச் சொல்றாங்க, அவ்வளவுதான்" என்றார். அப்பா பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான்.

கிரிமுர் கம்பானின் பெயர் புத்தகத்தில் நின்றுவிட்டது. அவருக்கு முன்னால் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்களின் பெயரை யாரும் எழுதவில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதை அவர்கள் ஆடு போட்ட புழுக்கையும், அவர்கள் அடுப்பில் தவறி விழுந்த நாலு தானியமும் காட்டிக்கொடுத்தன. அய்யா சிவப்புக் கோடு போட்ட என் வரியை இப்போது இப்படித் திருத்திவிட்டேன்: "வைக்கிங்குகளுக்கு முன்பே, கி.பி. 500-ஐ ஒட்டி, பெயர் தெரியாத மக்கள் ஆடுகளோடு இத்தீவுகளில் வாழ்ந்தார்கள்."

பட்டப்பெயர் வைத்த நண்பனுக்கு ஒரு வார்த்தை. இனிமேல் தாராளமாக அப்படியே கூப்பிடு. திரும்பிப் பார்ப்பேன்.

சிந்தித்து விடை சொல்லுங்கள்:
(அ) ஏரிச் சேற்றை அடுக்குக் கலையாமல் எடுக்க வேண்டியது ஏன்?
(ஆ) மகரந்தம் மட்டும் போதாது என்று ஏன் சொன்னார்கள்?
(இ) எரிமலைச் சாம்பல் எப்படிக் காலத்தைக் காட்டும்?

விடை எழுதி அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சுவர் இதழ்ப் பெட்டியில் போடவும்.



— பதினொன்றாம் வகுப்பு மாணவன் (பெயர் வேண்டாம், எல்லோருக்கும் தெரியும்!)