அளவுகோல் இல்லாமல் ஒரு படிவம்

பைத்தான் பாடம் முடிந்ததும் மாணவர்கள் என்னிடம் கேட்பது, "சார், பட்டன் வைத்த புரோகிராம் எப்படி எழுதுவது?" என்பதுதான். அதற்குப் பைத்தானின் டிகின்டர் போதும். நாம் வகுப்பில் திறக்கும் ஐடில் திரையே டிகின்டரால் ஆனது.

இதில் லேபிள், பெட்டி, பட்டன் ஆகியவற்றை இடத்தில் அமர்த்த பிளேஸ், பேக், கிரிட் என மூன்று வழிகள் உண்டு. பிளேஸில் இடமிருந்து இத்தனை பிக்சல், மேலிருந்து இத்தனை பிக்சல் என நாமே எண் தருகிறோம். மாணவர்களுக்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் 'பெயர்' என்ற லேபிளை 'பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர்' என்று மாற்றினால், பக்கத்துப் பெட்டி எழுத்தின் மேல் ஏறிவிடும். பெட்டிக்குக் கொடுத்த எண் மாறவில்லை அல்லவா?

பேக், உறுப்புகளை மேலிருந்து கீழாகவோ பக்கவாட்டிலோ அடுக்கும். படிவத்துக்கு ஏற்றது கிரிட். இதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்கில் படித்த அணிகளை நினைவூட்டுகிறேன். நிரை, நிரல் அதே கருத்துதான். ஆனால் இங்கே எண்ணிக்கை 0-இல் தொடங்கும். ஒரு நிரலில் உள்ள மிக நீளமான லேபிளுக்கு ஏற்ப அந்த நிரலே அகன்றுகொள்ளும்.

கணினியைத் தொடுமுன் மாணவர்கள் நோட்டில் கட்டம் வரையட்டும். லேபிள்கள் 0-ஆம் நிரலில், பெட்டிகள் 1-ஆம் நிரலில், 'சேமி' பட்டன் கடைசி நிரையில். ஒவ்வொரு கட்டத்திலும் நிரை, நிரல் எண்களை எழுதிய பிறகே நிரல்மொழிக்குப் போகலாம்.

இரண்டு குறிப்புகள். ஒரே சன்னலுக்குள் நேரடியாகப் பேக்கையும் கிரிட்டையும் கலந்தால் பிழைச்செய்தி வரும். சன்னலைப் பெரிதாக்கும்போது பெட்டியும் நீள வேண்டுமென்றால், 1-ஆம் நிரலுக்கு வெயிட் மதிப்பு 1 தர வேண்டும். பெட்டிக்கு ஸ்டிக்கியில் கிழக்கு, மேற்கு இரண்டையும் குறிக்க வேண்டும். வெயிட் தராவிட்டால் அது 0. கூடுதல் இடம் வெற்றாகவே கிடக்கும்.

மதிப்பிடும்போது மூன்று சோதனைகள் செய்கிறேன்: லேபிளை நீளமான தமிழ்த் தொடராக மாற்றுவது, எழுத்தளவைக் கூட்டுவது, சன்னலை இழுத்துப் பெரிதாக்குவது. மூன்றிலும் கலையாத படிவத்துக்கே முழு மதிப்பெண். ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் அளவெடுத்த படிவம் நம் ஊர் அலுவலகத்துக்கோ நூலகத்துக்கோ பயன்படாது என்பதை மாணவர்கள் அப்போது தாமே கண்டுகொள்கிறார்கள்.