நான்கு பேய்களும் நான்கு குணங்களும்

வீடியோ விளையாட்டு என்றதும் வீட்டிலுள்ள பெரியவர்கள் முகம் சுளிப்பது நாம் அறிந்ததே. ஆனால் ஆடுவதைப் பற்றி அல்ல, ஆட்டத்தினுள் தாமாக நடமாடும் பாத்திரங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். நாம் பொத்தானை அழுத்தினால் நகரும் பாத்திரம் ஒன்று. நம்மை எதிர்த்தும், சில வேளை நம்மைப் பொருட்படுத்தாமலும், தாமே இயங்குபவை மற்றவை. அவற்றுக்கு உயிர் இல்லை. ஆயினும் ஆடுகிறவர்கள், "அதற்கு என்மேல் கோபம்" என்று சொல்கிறார்களே, அது எப்படி?

1980ஆம் ஆண்டு ஜப்பானில் நாம்கோ நிறுவனம் 'பாக்மேன்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. அமைத்தவர் தோரு இவாதானி. அக்காலத்து ஆட்டங்களில் பெரும்பாலானவை சுடுவதும் வெடிப்பதுமாக இருந்தன. பெண்களும் விரும்பி ஆட வேண்டும் என்று எண்ணி, உண்பதைக் கருவாகக் கொண்டு இதை அவர் படைத்தார். (நமக்காகவே யோசித்திருக்கிறார்!) மஞ்சள் நிற உருண்டை ஒன்று புள்ளிகளைத் தின்றுகொண்டே ஓடும், நான்கு பேய்கள் அதைத் துரத்தும்.

நான்குக்கும் வெவ்வேறு விதி. சிவப்புப் பேய், உருண்டை இருக்கும் கட்டத்தையே குறிவைக்கும். இளஞ்சிவப்பு, உருண்டை பார்க்கும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறிவைக்கும். நீலம் சற்றுச் சிக்கலானது: உருண்டைக்கு இரண்டு கட்டம் முன்னுள்ள இடத்துக்குச் சிவப்புப் பேயிலிருந்து ஒரு கோடு இழுத்து, அதே நீளம் அப்பாலும் நீட்டினால் எங்கே முடிகிறதோ, அதுவே அதன் இலக்கு. ஆரஞ்சுப் பேய் எட்டுக் கட்டத்துக்கு மேல் தொலைவில் இருந்தால் துரத்தும். நெருங்கிவிட்டாலோ தன் மூலைக்குத் திரும்பிவிடும். இவ்வளவுதான் அவற்றின் 'மூளை'.

கேட்டபோது எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகவே கணிதம் கற்பிக்கும் அருட்சகோதரியின் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை பள்ளி முற்றத்தில் சுண்ணக்கட்டியால் கட்டங்கள் வரைந்தோம். நால்வர் பேய்கள், ஒருத்தி உருண்டை. விதியைச் சீட்டில் எழுதி அவரவரிடம் இரகசியமாகக் கொடுத்தோம். முற்றம் சிறியதாகையால் எட்டை மூன்றாக்க வேண்டியதாயிற்று. தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த ஏழாம் வகுப்புத் தங்கைகள் ஒவ்வொருத்தியின் குணத்தையும் எழுதித் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

"சிவப்பு அக்கா கோபக்காரி", "பிங்க் அக்கா தந்திரசாலி, வழிமறிக்கிறாள்" என்று எழுதியிருந்தார்கள். ஆரஞ்சைப் பற்றிப் பலரும் "பயந்தவள்" என்றனர். ஒரு சிறுமி மட்டும், "அவளுக்குத் தன் தோழியைப் பிடிக்க மனமில்லை" என்று எழுதியிருந்தாள். ஆரஞ்சு அக்காவோ கட்டங்களை எண்ணுவதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை!

அடுத்து நால்வருக்கும் சிவப்பின் விதியையே கொடுத்துப் பார்த்தோம். சிறிது நேரத்தில் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக, காலைக் கூட்டத்துக்குப் போகும் வரிசைபோல், ஓடுகிறவளின் பின்னாலேயே சென்றனர். தாழ்வாரத்தில் ஒரே சிரிப்பு. குணம் எழுதச் சொன்னால் எழுத ஒன்றுமில்லை.

மூன்றாம் முறை செய்ததுதான் தவறாகிவிட்டது. ஓடுகிறவள் அடுத்து எங்கே திரும்பப் போகிறாள் என்பதை அவள் அறியாமல் பேய்களுக்குச் சைகையால் தெரிவித்தோம். பத்து அடி வைப்பதற்குள் பிடிபட்டாள். மீண்டும் அப்படியே. "இது ஏமாற்று, இனி நான் வரமாட்டேன்" என்று கண் கலங்கிப் போய் உட்கார்ந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்டோம். எல்லாம் தெரிந்த எதிராளியை யாரும் புத்திசாலி என்று மதிப்பதில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பாக்மேன் பேய்கள் எப்போதும் துரத்துவதில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. முதல் கட்டத்தில் ஏழு விநாடி தத்தம் மூலைக்குச் செல்லும், இருபது விநாடி துரத்தும், மறுபடி ஏழு விநாடி விலகும். ஆடுபவருக்கு மூச்சுவிட இடம் வேண்டுமல்லவா?

பின்னாளில் வந்தவர்கள் பாத்திரங்களுக்குக் கண்ணும் காதும் அளவோடு கொடுத்தனர். 1998இல் வந்த 'தீஃப்' என்னும் ஆட்டத்தில் (பெயரும் தொழிலும் நமக்கு உகந்தவை அல்ல, திருட்டுத்தான்!) காவலர்கள் இருட்டில் நிற்பவனை எளிதில் காணமாட்டார்கள். கம்பளத்தின் மேல் நடந்தால் அவர்களுக்குக் கேட்காது; கல்தரையில் நடந்தால் கேட்கும். ஐயம் வந்தால் வாய்விட்டு முணுமுணுப்பார்கள். காவலன் நினைப்பதை ஆடுபவர் அறிவதற்காகவே அந்த முணுமுணுப்பு; உள்ளே எவ்வளவு கணக்குப் போட்டாலும் வெளியே தெரியாவிட்டால் பயனில்லை.

2000இல் வந்த 'தி சிம்ஸ்' ஆட்டத்தின் கரு சண்டை அல்ல, குடும்ப வாழ்க்கைதான். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பசி, களைப்பு, தோழமை எனத் தேவைகள் உண்டு. வீட்டுப் பொருள்கள்தாம் "என்னிடம் வந்தால் பசி தீரும்" என்று பாத்திரத்துக்கு அறிவிக்கின்றன. குளிர்பதனப் பெட்டி ஓயாமல் கூவிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் எப்போதும் மிகச் சிறந்ததையே தேர்ந்தெடுப்பதில்லை. நல்லவை சிலவற்றுள் ஏதோ ஒன்றை எடுக்கும். நம் வீட்டிலும் அப்படித்தானே நடக்கிறது?

கட்டங்களை அழிப்பதற்குமுன் இன்னொரு முறை ஆடினோம், இம்முறை சைகை இல்லாமல். கண் கலங்கியவளும் திரும்பி வந்தாள். ஆனால் ஆரஞ்சாக இருந்தவள் தன் சீட்டை வாங்க மறுத்தாள். அந்தச் சிறுமி எழுதியதைப் படித்த பிறகு, தோழியை நெருங்கும்போதெல்லாம் தனக்கு உண்மையிலேயே இரக்கம் வந்துவிடுகிறதாம். கட்டங்களை எண்ண முடியவில்லையாம். சிவப்புச் சீட்டை வாங்கிக்கொண்டாள்.